றோஸி வீட்டு நாற்பது பேணி

அழுத்துப் பலகையின் பட்டியை அவிழ்க்கும்வரை றஞ்சிதம் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இரண்டு பலகை, நடுவில் பழைய பேப்பர், பேப்பருக்குள் காய்ந்த செடி. சாமான் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் அவளுடைய மூன்று மாதம் இருந்தது. கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெண்கள் ஒன்பது பேருக்கு அவள் படிப்பித்து வந்தாள். மதிலோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் முளைக்கிற மருந்துச் செடிகளை எப்படி அடையாளம் காண்பது, எந்தச் சனம் எந்தச் செடியை எதற்குப் பாவிக்கிறது என்று எப்படிக் கேட்டு எழுதுவது, மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்கி முடிக்காமல் எப்படிக் காப்பது. கடைசி வேலையாக நாற்பது செடி கேட்டிருந்தாள். வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாமாக ஒவ்வொன்றையும் அழுத்திக் காயவைத்து, தாளில் இலக்கமும் திகதியும் எடுத்த இடமும் எழுதவேண்டும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டு முன்னறைதான் திட்டத்தின் அலுவலகம். மேசைக்கு மறுபக்கம் பொறுப்பாளர் தில்லைநாதன் நின்றார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்து பென்ஷன் எடுத்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனைக்கு ஒருநாளும் போகாமலே அதைப் பற்றித் தெரியவேண்டியதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

முதல் தாள் வல்லாரை. இலை மட்டும். பச்சை மாறாத, ஒரு புள்ளி விழாத வட்ட இலைகள்; காம்பை ஒரே அளவில் கிள்ளி விசிறி மாதிரி அடுக்கியிருந்தது. வேர் இல்லை, பூ இல்லை. இரண்டாவது பொன்னாங்காணி, அதிலும் நுனிக்கொழுந்து மட்டும். மூன்றாவது, நான்காவது, பத்தாவது என்று அவள் விரல் வேகமாகப் புரட்டியது. கீழ்க்காய்நெல்லியில் ஒரு காயைக்கூடக் காணவில்லை. நாற்பது தாளும் இப்படித்தான். ஆய்ந்து, கழுவி, பூச்சி கடித்த இலையைக் களைந்து, அப்படியே சட்டியில் போடலாம் போல இருந்தது.

தில்லைநாதன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பெரிதாகப் பாடுபடவில்லை.

“கீரை வறைக்கு நல்லாயிருக்கும் பிள்ளை. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் போட்டால் சரி.”

சிரித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை பேராதனையிலிருந்து மிஸிஸ் தென்னக்கோன் வருகிறார். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். திட்டத்துக்கு உதவுகிற வெளிநாட்டுக்காரர் மதிப்பீட்டுக்கு அனுப்புகிற ஆள். இந்த நாற்பது தாளையும் பார்த்துத்தான் அவர் அடுத்த வருஷத்தைத் தீர்மானிப்பார். அடுத்த வருஷம் என்றால் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் ஒரு துண்டு நிலம், அதில் நாற்றுமேடை, அதைப் பராமரிக்க மூன்று பெண்களுக்கு நிரந்தர வேலை. அந்த மூன்று வேலையும் கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கே என்று றஞ்சிதம் தொடக்கத்திலிருந்தே ஒற்றைக் காலில் நின்றாள். வெள்ளவத்தையில் ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்பது தில்லைநாதனின் கட்சி. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

“அதுகள் பாவம்,” என்றார் தில்லைநாதன். “அதுகளுக்கு இது விளங்காது. உம்மட படிப்புக்கு நீர் ஏன் அங்க போய் மினக்கெடுறீர்? யாழ்ப்பாணத்தில எவ்விடம் எண்டு சொன்னனீர்?”

“ஜிந்துப்பிட்டி சேர். போன மாசமும் கேட்டீங்க.”

“ஓ, அங்க சொந்தக்காரர் இருக்கினமாக்கும்,” என்று அவர் தலையாட்டினார். பொட்டனியில் டிகிரி எடுத்த பெண் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து ஜிந்துப்பிட்டி ஒழுங்கையில் பிறந்து வளர்ந்திருப்பாள் என்பது அவர் காதுக்குள் போகவே போகாது. றஞ்சிதத்தின் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்டாமி. அவருடைய வம்சத்தில் ஓ.எல். தாண்டிய முதல் ஆளே இவள்தான். அந்த முப்பது வருஷ மூட்டையின் மேல் ஏறி நின்று எடுத்த டிகிரியை ஒருத்தர் யாழ்ப்பாணத்துக் கணக்கில் எழுதும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பலகையைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இரண்டு பக்கத்தின் மேலும் கோபம் சரிபாதியாக இருந்தது. தில்லைநாதன் சிரித்துவிட்டார், அந்த ஒன்பது பேரும் சிரிக்க வைத்துவிட்டார்கள்.

கொள்ளுப்பிட்டியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பலகையைத் திறக்கச் சொன்னான். தமிழ்ப் பேப்பர் கட்டு என்றதும் முகம் இறுகியது. ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தான். இலை, இலை, பிறகும் இலை. எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். செடிகளைப் பற்றிப் படிக்க என்றாள். அவன் ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியென்றால் பூ எங்கே என்று கேட்டான்.

இவனுக்குத் தெரிகிறது. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற இவனுக்குத் தெரிகிறது.

ஜிந்துப்பிட்டியில் முருகன் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில்தான் வகுப்பு. றஞ்சிதம் போனபோது ஒன்பது பேரும் பாயில் இருந்தார்கள். மூன்று மாதத்தில் ஒருநாளும் அவள் இவ்வளவு கத்தியதில்லை. கத்தாமலும் இருந்ததில்லை. நாற்பது தாளையும் பாயில் பரப்பி, பூ இல்லாத செடிக்கும் முகம் இல்லாத படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். பேராதனை அம்மா இதைப் பார்த்தால் கால்வாய்க் கரை வேலை கனவிலும் கிடையாது என்றாள். அலுவலகத்தில் வறை என்று சிரித்தார்கள் என்பதையும், சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, சொல்லிவிட்டாள்.

கடைசியில் அன்னபாக்கியம் தொண்டையைச் செருமினாள். விடிய ஐந்து மணிக்கு ஆட்டுப்பட்டித் தெருவில் இலைக்கஞ்சி விற்கிறவள். கொழும்பில் எந்தக் கீரை எந்த மதிலடியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

“கோவிக்காதீங்க மிஸ். பூத்துட்டா அது முத்தின கீரை. முத்தின கீரையைக் கட்டிப் பெரிய மனுசிக்கு எப்படிங்க குடுக்கிறது? சந்தையில யாராச்சும் அப்படித் தந்தா மூஞ்சியிலயே எறிஞ்சிருவோம்.”

“நான் பூவோட வேணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. அதுக்கு முந்தி வேற ஒண்ணும் சொன்னீங்களே.”

இதைச் சொன்னது பீபி. சந்தடி இல்லாமல் மூலையில் இருப்பாள். வீட்டில் தையல் மெஷின் வைத்து உடுப்புத் தைக்கிறவள். அவள் நினைவுபடுத்தியதும் றஞ்சிதத்துக்குக் காது சுட்டது. இரண்டாவது கிழமை, அவள் வெள்ளைத் தாளை முதன்முதல் கொண்டுவந்து கொடுத்த நாள். அன்னபாக்கியம் ஒரு சாரணையை வேரும் சேறுமாக அப்படியே தாளில் வைத்துவிட்டாள். தாள் முழுக்க மண். றஞ்சிதம் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கோயில் ஐயரே எட்டிப் பார்த்தார். இப்படி ஊத்தையோடு கொண்டுவந்தால் பேராதனையில் நம்மை மதிப்பார்களா என்று கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு பூ, வேர் என்று என்ன சொன்னாலும் ஒன்பது தலையும் ஆடியது. ஒன்பது பேரும் வகுப்பு முடிந்து ஒன்றாகக் குந்தியிருந்து, எல்லாச் செடியையும் ஆய்ந்து சுத்தம் பண்ணித்தான் பலகைக்குள் வைத்தார்கள். மிஸ்ஸின் மானத்தைக் காப்பாற்ற.

அவளுக்குக் கோபத்தை வைக்க இடமில்லாமல் போனது. அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினாள்.

“சரி. வேரையும் பூவையும் எங்க, குப்பையிலயா போட்டீங்க?”

பீபியின் முகம் சுருங்கியது. “வேரோட ஈக்கிற செடிய ஆரு மிஸ் குப்பையில போடுவாங்க?”

றோஸி எழுந்து சேலையை உதறினாள். கொச்சிக்கடைக்காரி, வெள்ளவத்தை வீடுகளுக்கு உடுப்புத் தோய்த்து ஸ்திரி போட்டுக் கொடுக்கிறவள். வகுப்பில் அதிகம் சிரிக்கிறவளும் அவள்தான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. “வாங்க மிஸ். நடந்தா பத்து நிமிசம். மூணு மாசத்துல ஒருதரம்கூட எங்க வீட்டுக்கு வந்ததில்லை நீங்க.”

துறைமுகத்துப் பண்டகசாலை மதிலுக்கு இந்தப் பக்கம் றோஸி வீடு. வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடுகிற முற்றம். வெள்ளவத்தைக்காரரின் பெட்ஷீட்டுகள் காற்றில் ஊதிக்கொண்டிருந்தன. றோஸி ஒரு ஷீட்டை விலக்கினாள்.

மதிலடியில் வரிசையாகப் பேணிகள். பால்மாப் பேணி, பெயின்ட் பேணி, பிஸ்கட் தகரம், ஓட்டை வாளி. யாரோ மாற்றி எறிந்த உடைந்த கக்கூஸ் கோப்பை ஒன்றிலிருந்து வல்லாரை நாலா பக்கமும் கொடி ஓட்டியிருந்தது. இலையைக் கிள்ளி எடுத்த பிறகு எஞ்சிய தண்டையும் வேரையும் அவர்கள் ஒன்றுவிடாமல் ஊன்றியிருந்தார்கள். ஊன்றியதெல்லாம் துளிர்த்திருந்தது. பொன்னாங்காணியில் வெள்ளைப் பூ முடிச்சு. கீழ்க்காய்நெல்லியில் இலைக்கு அடியில் மணிமணியாகக் காய். மதில் பூராவும் முடக்கொத்தான் ஏறிக் காற்றுப் பிடித்த காயைத் தொங்கவிட்டிருந்தது.

றஞ்சிதம் குந்தினாள். அப்போதுதான் பார்த்தாள்: ஒவ்வொரு பேணியின் கழுத்திலும் ஒரு சீலைத் துண்டு கட்டியிருந்தது. தண்ணீரில் அழியாத கறுப்பு மையால் துண்டில் ஒரு இலக்கம். ஒன்று முதல் நாற்பது வரை.

“இது என்ன நம்பர்?”

“தாள்ல போட்ட அதே நம்பர்தான். பீபி துண்டு வெட்டிக் குடுத்தா, நான் சலவைக்குறி போட்டேன்.” றோஸிக்கு இப்போது சிரிப்பு திரும்பியிருந்தது. “முப்பது வீட்டு உடுப்பு தோய்க்கிறேன் மிஸ். கை துடைக்கிற ஒரு லேஞ்சிகூட மாறினதில்லை. செடி மாறுமா?”

இலை தாளில். அதே செடியின் பூவும் வேரும் பேணியில். இரண்டிலும் ஒரே இலக்கம். தாள்கள் கெட்டுப்போகவில்லை. பாதியில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஆறு பேணியில் மட்டும் மண் வெறுமனே கிடந்தது. கேட்டாள். போன மாதம் கொச்சிக்கடையில் தேடுதல் நடந்ததாம். துறைமுகத்து மதிலடியில் நாற்பது பேணி மண் என்றால் எந்த ஆமிக்காரன் சும்மா போவான்? பேணிக்கு ஒரு குத்து, நீட்டுக் கம்பியால். முப்பத்துநாலு தப்பியது. ஆறு வேரறுந்து செத்தது. ‘கீரைங்க சேர், கீரைங்க’ என்று றோஸி சிங்களத்தில் மன்றாடியும் அவர்கள் நாற்பதையும் குத்தித்தான் போனார்களாம். அதைச் சொல்லும்போது றோஸி கம்பியால் குத்துவதை நடித்தே காட்டினாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

பூவும் வேரும் கையில் இருந்தன, நேரம்தான் இல்லை. பலகையில் வைத்தால் காய ஒரு கிழமையாவது வேண்டும். கையில் இரண்டு நாள். வழி றோஸியிடமே இருந்தது. சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியை ஊதிச் சூடாக்கி, வேரைக் கழுவித் துடைத்துப் பேப்பருக்குள் வைத்து, மேலே இன்னொரு பேப்பர் போட்டு மெதுவாக இழுத்தாள். ஈரம் பேப்பரில் ஏறியது. பேப்பரை மாற்றி இன்னொரு இழுப்பு. பூ வாடவும் இல்லை, கருகவும் இல்லை. முதல் இரண்டைக் கருக்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டுச் சேலைக்குப் போடுகிற சூடு போதும் என்று அதற்குப் பிறகு கண்டுபிடித்தாள். செடி சாகாதபடி பேணிக்கு ஒரு கிளை, ஒரு வேர்த்துண்டு மட்டும் என்று அன்னபாக்கியம் கண்டிப்பாக நின்றாள். புதனும் வியாழனும் முற்றத்தில் ஒன்பது பேரும் இருந்தார்கள். றஞ்சிதமும் அவர்களோடு குந்தியிருந்து ஒட்டினாள். சத்தம் போடவில்லை. அன்னபாக்கியம் கொடுத்த இலைக்கஞ்சியைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாள். இவ்வளவு நாளும் வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் என்ன அவசரம் இருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

தாளில் இரண்டு திகதி எழுதினாள். இலை: பெப்ரவரி 9. பூ, வேர்: மார்ச் 24, அதே செடி. செத்துப்போன ஆறுக்கும் எழுதினாள்: பூவும் வேரும் இல்லை, காரணம், தேடுதல்.

வெள்ளி காலை அதை வாசித்த தில்லைநாதனுக்கு வியர்த்துவிட்டது. ஒரு திகதி போதும், இரண்டு போட்டால் கேள்வி வரும் என்றார். தேடுதலை வெட்டச் சொன்னார். பூச்சி அரித்தது என்று போடலாமே?

“பூச்சி அரிக்கல்லையே சேர்.”

“பிள்ளை, நீர் சின்ன ஆள். இதால வாற கரைச்சல் உமக்குத் தெரியாது.”

“தெரியும் சேர். நானும் அதே ரோட்டிலதான் ஐசி அட்டை காட்டிட்டு வாறேன்.”

வெட்டவில்லை. மிஸிஸ் தென்னக்கோன் வந்தார். மெலிந்த, நரைத்த மனுஷி. பருத்திச் சேலை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. முப்பத்துநாலு தாளையும் பார்த்தார். பிறகு அந்த ஆறு. ஆங்கிலத்தில் எழுதியிருந்த காரணத்தை ஒரு முறை வாசித்தார், இன்னொரு முறையும் வாசித்தார். தில்லைநாதன் கதிரையில் அசைந்தார். மிஸிஸ் தென்னக்கோன் பேனையை எடுத்து, ஆறு தாளின் மூலையிலும் பார்த்தேன் என்று தன் கையெழுத்தை வைத்தார்.

இரண்டு திகதியைப் பற்றித்தான் கேட்டார். றஞ்சிதம் ஒளிக்காமல் சொன்னாள். கீரை மாதிரி ஆய்ந்துவிட்டார்கள். ஆய்ந்ததற்குக் காரணம் நான் ஒருநாள் சேற்றுக்காகப் போட்ட சத்தம். செடி சாகவில்லை, கொச்சிக்கடையில் பேணியில் நிற்கிறது.

“அதே செடியா? எப்படித் தெரியும்?”

“உடுப்புக்குப் போடுற சலவைக்குறி கட்டியிருக்கு மிஸிஸ் தென்னக்கோன்.”

மனுஷி பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். பார்க்கவேண்டும், இப்போதே. அந்தப் பக்கம் இப்போது நிலைமை சரியில்லை என்று தில்லைநாதன் இழுத்தார். சரியான நிலைமை வரும்வரை காத்திருக்கத் தனக்கு வயது போதாது என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். தில்லைநாதனும் வாகனத்தில் ஏறவேண்டியதாயிற்று.

ஜிந்துப்பிட்டி முனையில் வாகனம் மெதுவாகியபோது, தேத்தண்ணிக் கடை வாசலில் இருந்த ஒரு கிழவர் முதுகை நிமிர்த்த முடியாமல் நிமிர்த்திக் கையை உயர்த்தி, “மகள், பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாறியா?” என்று கேட்டார்.

“வாறேன் அப்பா,” என்றாள் றஞ்சிதம்.

தில்லைநாதன் கிழவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்ப நீர் இந்த இடமோ?”

“மூணாவது தரம் சொல்றேன் சேர்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, அப்பாவுக்கு முதுகுக்கு என்ன பூசுகிறீர் என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. நொச்சி என்றாள்.

முற்றத்தில் மிஸிஸ் தென்னக்கோன் ஒரு மணித்தியாலம் இருந்தார். பேணி பேணியாகக் குனிந்து, இலக்கத்தைப் பார்த்து, தாளோடு ஒப்பிட்டார். அவர் சிங்களத்தில் கேட்க, ஒன்பது பேரும் சிங்களத்திலேயே பொரிந்து தள்ளினார்கள். எங்கே எடுத்தது, யார் பாவிப்பது, பிள்ளை பெற்றவளுக்கா, சிரங்குக்கா, எத்தனை கிளை விட்டுவிட்டு எடுக்கவேண்டும். இடையில் தில்லைநாதன் மொழிபெயர்க்கப் பார்த்தார். யாருக்கும் அவர் தேவைப்படவில்லை. கக்கூஸ் கோப்பை வல்லாரைக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த மனுஷி வாய்விட்டுச் சிரித்தார். கோப்பையைக் கால்வாய்க் கரைக்கும் கொண்டுபோகவேண்டும் என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் உறைத்தது.

விஷயம் இதுதான். நாற்றுமேடை புதிதாகத் தொடங்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே இங்கே இருக்கிறது. இந்த முப்பத்துநாலு பேணியும் அங்கே போகட்டும். பார்க்கிற மூன்று பேர் இந்த ஒன்பது பேரிலிருந்து. யார் என்று நீங்களே சொல்லுங்கள். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு நாலு மாதம், முறை வைத்து மூன்று மூன்று பேராகப் பார்க்கிறோம் என்று அன்னபாக்கியம் சொன்னாள். விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று தில்லைநாதன் தொடங்கினார். பிறகு அவரே, சரி, கட்டம் கீறலாம் என்றார்.

மிஸிஸ் தென்னக்கோன் வாகனத்தில் ஏறி இருந்தார். கதவை மூடப்போன நேரத்தில் அன்னபாக்கியம் ஓடிவந்தாள். வெறுங்கையோடு அனுப்பலாமா? மதியச் சாப்பாட்டுக்குப் பொன்னாங்காணி, சுண்டிச் சாப்பிடுங்கள் நோனா என்று ஒரு பெரிய கீரைக்கட்டை அவர் மடியில் வைத்தாள்.

றஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். வேர் இருந்தது. வேரில் ஒரு கைப்பிடி சேறு இருந்தது. பூத்து முற்றிய தண்டு, பூச்சி கடித்த இலை, ஒரு நத்தைக்குஞ்சு, எல்லாம் ஒன்று குறையாமல் இருந்தது. கட்டின் கழுத்தில் சலவைக்குறி போட்ட சீலைத் துண்டு: நாற்பத்தொன்று.

சாரதி ஆசனத்தில் ஒழுகிய சேற்றுத் தண்ணீரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். மிஸிஸ் தென்னக்கோன் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இந்தத் தரம் சரியா மிஸ்?” என்று அன்னபாக்கியம் காதோடு கேட்டாள்.

“ரொம்பச் சரி,” என்றாள் றஞ்சிதம். வாகனம் திரும்பி மறையும்வரை பொறுத்திருந்துவிட்டு, முற்றத்து ஷீட்டுக்குப் பின்னால் போய், கண்ணீரில் பெட்ஷீட்டு நனைய நனையச் சிரித்தாள்.